நூலகப் பணியைக் கற்பித்தவர்

நுழையும்முன்

நூலகத்திற்குச் செல்கிறோம். வேண்டிய நூலின் பெயரைச் சொல்கிறோம். சில நிமிடங்களில் அந்நூல் நம் கைக்கு வந்துவிடுகிறது. பல்லாயிரம் நூல்களுக்கு இடையே அந்த ஒரு நூல் எங்கே இருக்கிறது என்பது நூலகப் பணியாளருக்கு எவ்வாறு தெரிந்தது? நினைவாற்றலால் மட்டும் அது இயலாது. அதற்கென ஒரு முறை உண்டு. அம்முறையைக் கற்பிக்கும் பயிற்சியும் உண்டு. அம்முறையை நம் நாட்டிற்கு ஏற்ப வகுத்தளித்து, பயிற்சியை நிலைபெறச் செய்தவர் ஒரு தமிழர். அவர் தொடக்கத்தில் நூலகப் பணியை விரும்பியவர் அல்லர். விருப்பமின்றி ஏற்ற பணியை வாழ்நாள் தொண்டாக மாற்றிக்கொண்ட எஸ்.ஆர். அரங்கநாதனின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

எஸ்.ஆர். என்னும் முன்னெழுத்துகளில் முதலாவது அவர்தம் ஊரைக் குறிக்கும். இரண்டாவது தந்தையின் பெயரைக் குறிக்கும். சீர்காழி என்னும் ஊரின் பெயரை ஆங்கிலேயர் காலத்தில் சியாழி என எழுதினர். திருஞானசம்பந்தர் பிறந்த அவ்வூரில், அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இராமாமிர்தம், சீதாலட்சுமி இணையருக்கு மகனாக 1892 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அரங்கநாதன் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயின் அரவணைப்பிலும் உறவினர் ஆதரவிலும் வளர்ந்து, சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றார்.

இளமையில் அவருக்குத் திக்குவாய்க் குறை இருந்தது. அக்குறையைச் சிறிது சிறிதாக வென்று, பின்னாளில் வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியராகவே உயர்ந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1913 இல் இளங்கலைப் பட்டமும் 1916 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவருக்கு வழிகாட்டியாக விளங்கினார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். 1917 முதல் மங்களூரிலும், அடுத்துக் கோயம்புத்தூரிலும், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

வேண்டாத பணி

ஆசிரியப் பணியில் அவருக்கு நிறைவு இருந்தது, வருவாய் போதவில்லை. அவ்வேளையில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு ஒரு நூலகரை நியமிக்க முடிவு செய்தது. அப்பணிக்குச் சம்பளம் மிகுதி. நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நூலகப் பயிற்சி பெறாதவர்களே. அக்காலத்தில் அப்பயிற்சி கிடைத்த இடங்களும் மிகச் சிலவே. அமெரிக்காவில் மெல்வில் டூயி 1887 ஆம் ஆண்டிலேயே நூலகப் பள்ளியொன்றைத் தொடங்கியிருந்தார். இந்தியாவில் 1911 இல் பரோடாவிலும் 1915 இல் இலாகூரிலும் அமெரிக்க வல்லுநர்களைக் கொண்டு வகுப்புகள் தொடங்கப்பட்டன. தென்னாட்டில் நூலகர் என்னும் பணிக்கு ஒருவர் படித்துத் தேற வேண்டும் என்னும் எண்ணமே அரிதாக இருந்தது.

நண்பர்களின் தூண்டுதலால் அரங்கநாதனும் விண்ணப்பித்தார். தேர்வும் பெற்றார். 1924 ஆம் ஆண்டு சனவரி மாதம் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்றார்.

சில நாள்களிலேயே அவர் உள்ளம் சோர்ந்தது. வகுப்பறையில் மாணவர்களின் முகங்களைக் கண்டு பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. நாள்தோறும் வருவோர் மிகச் சிலர். எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வைப்பதுமே வேலை எனத் தோன்றியது. அவர் மீண்டும் மாநிலக் கல்லூரிக்குச் சென்று, பழைய பணியையே தருமாறு வேண்டினார். இலண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று வருமாறும், அதன் பின்னும் விருப்பம் பிறக்கவில்லையாயின் கணிதத்துறைக்கே திரும்பலாம் என்றும் அவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. அவர் அதற்கு இசைந்தார்.

மாணவர்களே, இங்குச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அன்று அவருக்கு வயது முப்பத்திரண்டு. முதுகலைப் பட்டம் பெற்றவர்; பல ஆண்டுகள் பிறருக்குக் கற்பித்தவர். அவர் மீண்டும் மாணவராக வேண்டியிருந்தது. அதுவும், தமக்குப் பிடிக்காத ஒரு பணியைக் கற்பதற்காக!

இலண்டனில் மாணவர்

1924 ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் கப்பலேறினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். கிராய்டன் நகரப் பொதுநூலகத்தின் தலைமை நூலகராகிய பெர்விக் சேயர்சு அவருக்கு ஆசிரியராக அமைந்தார். வகுப்பறையில் கற்றதோடு அரங்கநாதன் நின்றுவிடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று கண்டார்.

அங்கே அவர் கண்ட காட்சி வேறாக இருந்தது. தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் நூலகத்திற்கு வந்தனர். அவர்களே அடுக்குகளுக்கிடையே நடந்து நூல்களைத் தேர்ந்தனர். சிறுவர்க்கெனத் தனிப்பகுதிகள் இருந்தன. வருவோரின் தேவையைக் கேட்டறிந்து உதவப் பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தனர். நூலகம் நூல்களைப் பூட்டி வைக்கும் கிடங்கு அன்று. மக்களுக்குக் கல்வி வழங்கும் இடம் என்பதை அவர் உணர்ந்தார். சென்னையில் தாம் கண்ட தனிமைக்குக் காரணம் பணி அன்று. பணி நடைபெற்ற முறையே என்பதும் அவருக்கு விளங்கிற்று.

அதே வேளையில் ஒரு வேறுபாட்டையும் அவர் கவனித்தார். ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு வகையில் நூல்களைப் பிரித்து அடுக்கியிருந்தது. அறிவு நாள்தோறும் வளர்கிறது. புதிய பொருள்கள் பற்றிப் புதிய நூல்கள் வருகின்றன. முன்பே வகுத்து வைத்த வகுப்புகளுள் அவற்றுக்கு இடமில்லை. இதற்கு ஒரு வழி காண வேண்டும் எனக் கணித ஆசிரியராகிய அவர் உள்ளம் தேடத் தொடங்கியது.

விளையாட்டுக் கருவி காட்டிய வழி

ஒருநாள் இலண்டனிலுள்ள பெரிய கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைச் செய்துகாட்டுவதை அவர் கண்டார். சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள், கயிறுகள் ஆகியவையே அதிலுள்ள உறுப்புகள். அவற்றை ஒருவகையாகச் சேர்த்தால் வண்டியாகிறது. வேறுவகையாகச் சேர்த்தால் பாரந்தூக்கியாகிறது. உறுப்புகள் அவையே, சேர்க்கை மட்டுமே வேறு. நூல்களின் பொருளையும் இவ்வாறே சிறு உறுப்புகளாகப் பிரித்துப் பின் சேர்க்கலாமே என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது.

எடுத்துக்காட்டாக, இந்தியாவில் நெற்பயிருக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் இருக்கிறது எனக் கொள்வோம். அந்நூலின் பொருளில் உழவு, நெல், நோய், இந்தியா என நான்கு உறுப்புகள் உள்ளன. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குறியீடு உண்டு. இந்தியா என்பதற்கு 44 என்னும் எண். இக்குறியீடுகளை முறைப்படி சேர்த்தால் அந்நூலுக்கு உரிய எண் கிடைக்கும். நாளை இலங்கையின் நெற்பயிர் நோய் பற்றி ஒரு நூல் வந்தால் ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் போதும். உறுப்புகளை இணைக்க அவர் முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். முக்காற்புள்ளியை ஆங்கிலத்தில் கோலன் என்பர். எனவே அம்முறைக்குக் கோலன் பகுப்புமுறை என்னும் பெயர் அமைந்தது. 1933 ஆம் ஆண்டு அது நூலாக வெளிவந்தது.

1925 ஆம் ஆண்டு சூலையில் அவர் தாயகம் திரும்பினார். கணிதத்துறைக்கு மீளும் வாய்ப்பு அவருக்காகக் காத்திருந்தது. அவர் அதனை நாடவில்லை. நூலகத்திற்கே சென்றார்.

ஐந்து விதிகள்

சென்னைப் பல்கலைக்கழக நூலகம் மாறத் தொடங்கியது. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை அவர் நீட்டித்தார். படிப்போர் அடுக்குகளுக்கே சென்று நூல்களைப் பார்க்க வழிசெய்தார். வருவோரை வரவேற்று உதவுமாறு பணியாளர்களைப் பழக்கினார். தாமும் காலை முதல் இரவு வரை உழைத்தார். 1936 ஆம் ஆண்டு அந்நூலகத்திற்குச் சென்னைக் கடற்கரையை ஒட்டிப் புதிய கட்டடமும் அமைந்தது.

தாம் கண்டவற்றையும் செய்தவற்றையும் எண்ணி, நூலகப் பணி முழுமைக்கும் அடிப்படையான விதிகளை அவர் தேடினார். 1928 இல் அவை ஐந்தாக உருப்பெற்றன. 1931 இல் சென்னை நூலகச் சங்கத்தின் வழியே நூலாக வெளிவந்தன. அவற்றின் கருத்தைக் காண்போம்.

நூல் பயன்படுத்தப்படுவதற்கு உரியது என்பது முதல் விதியின் கருத்து. ஐரோப்பாவில் முற்காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். நம் நாட்டிலும் நூல்களைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு எனக் கருதியோர் பலர். அவ்வெண்ணத்தை இவ்விதி மாற்றியது. படிக்க விழையும் ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய படிப்பாளரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. படிக்க வருவோரின் காலம் வீணாகலாகாது என்பது நான்காவது. நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாவது.

சொற்கள் எளியவை, ஆனால் அவற்றின்படி நடப்பது எளிதன்று. ஒரு நூலை உரிய இடத்தில் வைக்காமல் வேறோர் அடுக்கில் செருகிவிட்டால் என்ன நேரும்? நூல் நூலகத்துள்ளேயே இருக்கும். எனினும் தேடுவோருக்கு அது கிடைக்காது. அந்த ஒரு செயலால் முதல் நான்கு விதிகளும் பிழைபடுகின்றன. நூலை அடுக்கில் வைக்கும் உதவியாளரின் பணி எத்துணை இன்றியமையாதது என்பதை இதனால் உணரலாம்.

பயிற்சிப் பள்ளி

நல்ல விதிகள் இருந்தால் மட்டும் போதாது. அவற்றை அறிந்த பணியாளர்கள் வேண்டும். இதனை அரங்கநாதன் நன்கு உணர்ந்திருந்தார். 1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்று உழைத்தார். மறு ஆண்டே, 1929 இல், அச்சங்கத்தின் சார்பில் கோடைக்காலப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1931 இல் அவ்வகுப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937 இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது.

இலண்டனில் கற்றதை அப்படியே எடுத்துரைக்க அவர் விரும்பவில்லை. நம் நாட்டு நூல்களுக்கும் மொழிகளுக்கும் மக்களின் பெயர்முறைக்கும் ஏற்பப் புதியன வகுத்தார். மேலை நாட்டினருக்குக் குடும்பப் பெயர் உண்டு. தமிழர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஊர்ப்பெயரின் முதலெழுத்துமே முன்னே வரும். நூற்பட்டியலில் ஒரு தமிழ் எழுத்தாளரின் பெயரை எந்த எழுத்தின்கீழ்த் தேடுவது? இத்தகைய வினாக்களுக்கெல்லாம் விதி வேண்டும். நூற்பட்டியல் அமைப்பதற்கான விதித்தொகுப்பை 1934 இல் அவர் வெளியிட்டார்.

சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய பின், 1945 இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். பட்டயம் என்னும் அளவில் இருந்த கல்வி, முதுகலை என்றும் முனைவர் பட்டம் என்றும் உயர்வதற்கு அவர் வழியமைத்தார்.

நூலகப் பணியாளரின் மதிப்பையும் அவர் மறக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1957 இல் அமைத்த நூலகக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். பல்கலைக்கழக, கல்லூரி நூலகர்களுக்கு ஆசிரியர்க்கு இணையான தகுதியும் ஊதியமும் வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது.

ஊர்தோறும் நூலகம்

நகரத்து மாணவர்க்கு மட்டும் நூல் கிடைத்தால் போதுமா? கிராமத்து உழவருக்கு யார் நூல் கொடுப்பார்? இவ்வினா அக்காலத்து நூலக ஆர்வலர் பலருடைய உள்ளத்தை உறுத்தியது. 1931 ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டுவண்டி ஒன்றை நூலகமாக அமைத்துச் சிற்றூர்களுக்கு நூல்களை அனுப்பினார். அரங்கநாதன் இத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கமளித்தார்.

தனி ஒருவரின் ஆர்வம் அவரோடு முடிந்துவிடும்; சட்டம் நிலைத்து நிற்கும். ஆதலால் நூலகங்களுக்கெனச் சட்டம் வேண்டும் என அரங்கநாதன் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தார். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் அவர்களின் காலத்தில், 1948 ஆம் ஆண்டு சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் இதுவே.

அடுத்த சட்டம் எங்கே நிறைவேறியது தெரியுமா? நாம் வாழும் இந்த ஐதராபாத்தில்தான். 1955 இல் ஐதராபாத் பொதுநூலகச் சட்டம் பிறந்தது. இந்நகரத்திற்கு நூலக மரபு புதிதன்று. 1891 இல் தோன்றிய ஆசபியா நூலகமே இன்று அப்சல்கஞ்சில் மூசி ஆற்றங்கரையருகே மாநில மைய நூலகமாக விளங்குகிறது. 1901 இல் தெலுங்கு மொழிக்கெனத் தோன்றிய ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் சுல்தான் பசாரில் உள்ளது. தெலுங்கு மக்களிடையே நூலக இயக்கத்தை வளர்த்த ஐயங்கி வெங்கடரமணய்யா அரங்கநாதன் காலத்தவர். மொழி வேறாயினும் இருவரும் செய்த தொண்டு ஒன்றே.

நிறைவுக் காலம்

அரங்கநாதன் எளிய வாழ்வினர். 1950 களின் இடையில் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தங்கி ஆய்வு செய்தார். தம் வாழ்நாள் சேமிப்பாகிய ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, தம் துணைவியார் சாரதாவின் பெயரால் நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி அமையச் செய்தார். போதிய வருவாய் இல்லாமையால் நூலகப் பணிக்கு வந்தவர், அப்பணியால் ஈட்டியதை அப்பணியைக் கற்போருக்கே திருப்பியளித்தார்.

1957 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1962 இல் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1965 இல் அவர் நூலகவியலுக்கான தேசிய ஆய்வுப் பேராசிரியரானார். கணிதத்தையும் அவர் மறக்கவில்லை. கணிதமேதை இராமானுசத்தின் வாழ்க்கையைப் பற்றி 1967 இல் ஒரு நூல் வெளியிட்டார். 1972 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் நாள் பெங்களூரில் இயற்கை எய்தினார். ஆகஸ்டு 12 ஆம் நாளை அவர் நினைவாக நாடு தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடுகிறது.

நூலக உதவியாளர் பணி

நூலகத்தில் நூலகர் ஒருவர் மட்டும் பணி செய்வதில்லை. புதிதாக வந்த நூலைப் பதிவேட்டில் ஏற்றுவோர், அதன் முதுகில் எண்ணெழுதிய சீட்டை ஒட்டுவோர், நூல் வழங்குவோர், திரும்பிய நூலை உரிய அடுக்கில் வைப்போர், கிழிந்த நூலைக் கட்டமைப்புக்கு அனுப்புவோர் எனப் பலர் உள்ளனர். இவர்களை நூலக உதவியாளர் என்பர். இப்பணிக்குச் சான்றிதழ்ப் படிப்பும் பட்டயப் படிப்பும் பட்டப் படிப்பும் இன்று உண்டு. நம் நகரின் உசுமானியாப் பல்கலைக்கழகத்திலும் நூலகவியல் கற்பிக்கப்படுகிறது. பதிவேட்டின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. அட்டையின் இடத்தைப் பார்கோடு எடுத்துக்கொண்டது. ஆயினும், தேடி வருபவரின் தேவையைப் பொறுமையோடு கேட்டறியும் பண்பைக் கருவி தர இயலாது. அதனையும் பயிற்சியால்தான் பெற வேண்டும்.

பெற்றோரின் பணி காரணமாகத் தமிழகத்தை விட்டு வந்துள்ள உங்களுக்கு இது வெறும் செய்தி அன்று. வீதியில் தெலுங்கும் வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் கேட்கிறீர்கள். தமிழ் நூல் கிடைக்கும் இடங்கள் இங்குச் சிலவே. ஓர் அடுக்கின் கோடியில் இருக்கும் ஒரு தமிழ் நூல், தன்னைப் படிக்கும் ஒரு மாணவருக்காகக் காத்திருக்கிறது. அந்நூலையும் அம்மாணவரையும் சேர்த்து வைப்பவர், ஒருவேளை தமிழே அறியாத நூலக உதவியாளராக இருக்கலாம். நூலின் முதுகிலுள்ள எண்ணைக் கொண்டே அவர் அதனை எடுத்துத் தருவார். மொழி அறியாதவரும் மொழிக்குத் தொண்டு செய்ய அம்முறை துணை நிற்கிறது.

சொற்பொருள்

இணையர் - கணவன் மனைவி
இசைந்தார் - உடன்பட்டார்
கிடங்கு - பொருள்களைச் சேர்த்து வைக்கும் இடம்
பகுப்புமுறை - வகைவகையாகப் பிரிக்கும் முறை
விழையும் - விரும்பும்
ஈட்டியதை - சம்பாதித்ததை
கோடி - ஓரம், கடைசி

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. அரங்கநாதன் பிறந்த ஊர் ________.
2. உறுப்புகளை இணைக்க அவர் பயன்படுத்திய குறி ________.
3. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் நிறைவேறிய ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அரங்கநாதன் நூலகப் பணியிலிருந்து விலக விரும்பியது ஏன்?
2. மெக்கானோ கருவி அவருக்குத் தந்த எண்ணம் யாது?
3. நூலை இடம் மாற்றி வைப்பதால் விளையும் தீங்கு யாது?

இ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.
இலண்டன் பயணத்திற்கு முன்னும் பின்னும் அரங்கநாதன் நூலகப் பணியை எவ்வாறு கருதினார்? அம்மாற்றத்திற்கான காரணங்களை விளக்குக.

ஈ. செய்து பார்.
1. உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு நூலின் முதுகிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் தொடங்கும் நூல்கள் எப்பொருள் பற்றியவை எனக் கண்டறிக.
2. நீங்கள் செல்லும் நூலகத்தில் தமிழ் நூல்கள் எவ்வடுக்கில் உள்ளன என நூலக உதவியாளரிடம் பணிவுடன் கேட்டறிந்து, ஒரு நூலைப் படித்து வந்து வகுப்பில் பேசுக.